கிலோ அண்ணாச்சியும் நாற்பது கிராமும்

அன்றைக்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றின் ஏழாவது தளத்தில், நீச்சல் குளத்தை ஒட்டிய கூடத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: அந்த அடுக்குமாடியில் குடியிருக்கிற ராகவன் சார், வங்கியில் பெரிய வேலை. அவர் மனைவி மாலதி மேடம். கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி பிரபு, காலடியில் ஊதாப் பெட்டியோடு. கணவனும் மனைவியுமாக மூன்று ஜோடி. மூன்று ஜோடிக்கும் ஒரே பேச்சு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். மடக்கு மேஜைகளை இரவல் கொடுத்த உள்ளூர்க்காரர் டேனியல் அங்கிள். மடியில் பிஸ்கட் டின்னோடு நான். அப்புறம் கிலோ அண்ணாச்சி. மொத்தம் பன்னிரண்டு பேர். நான் இரண்டு தடவை எண்ணினேன். எங்கே போனாலும் முதலில் தலைகளை எண்ணிவிட்டு, அடுத்ததாக வெளியே போகிற கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

கோலாலம்பூரிலிருந்து தமிழ்நாட்டுக்கு எத்தனையோ பெட்டிகள் பறந்திருக்கின்றன. கிலோ அண்ணாச்சிக்குத் தெரியாமல் ஒரு பெட்டியும் பறந்ததில்லை. நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அவரைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

அவருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. துறைமுக ஊரான கிள்ளானில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. வாரம் முழுக்க டன் கணக்கில் கண்டெய்னர்களை எழுதிவிட்டு, சனிக்கிழமையானால் கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வந்து கிலோ கணக்கில் இறங்கிவிடுவார். அவர் உண்மைப் பெயர் அலுவலகத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மட்டும்தான் தெரியும். அந்தப் பாஸ்போர்ட்டையும் சட்டையின் உள்பையில் வைத்து ஊசி குத்தியிருப்பார். கால்சட்டைப் பையில் கொக்கி வைத்த சின்னத் தராசு ஒன்று. பெட்டியின் கைப்பிடியில் மாட்டித் தூக்கினால் எண் காட்டும். சாப்பாட்டுக்கு உட்காரும்போது சிலர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார்களே, அதுபோல இவர் தராசை எடுத்து வைப்பார்.

ஊரை விட்டு வந்தவர்கள் கூடுகிற இடங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது புரியும். மாதம் ஒரு சனிக்கிழமை, ஆளுக்கு ஒரு பண்டம் சமைத்துக்கொண்டு வந்து கூடுவோம். இந்த நகரத்தில் ஒரு காப்பிக்குக் கொடுக்கிற காசில் ஊரில் நாலு பேர் சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டே அந்தக் காப்பியைக் குடிப்போம். பேச்சு வாடகையில் தொடங்கி, பள்ளிக்கூடத்துக்குப் போய், ஊருக்கு எப்போது போகிறீர்கள் என்பதில் வந்து நிற்கும். அங்கேதான் அண்ணாச்சியின் ராஜ்ஜியம். யாராவது ஊருக்குப் போனால் அவர் பெட்டியில் எவ்வளவு காலியிடம் இருக்கிறதோ, அவ்வளவும் பொதுச்சொத்து. ஒருவர் அப்பாவுக்கு மூட்டு வலித் தைலம், இன்னொருவர் தங்கைக்குக் கைப்பை, வேறொருவர் பிறக்காத பேரனுக்குச் சட்டை. யார் யாருக்கு எத்தனை கிலோ என்று பிரித்துக் கொடுப்பது அவர். ஏடு கிடையாது, எழுத்து கிடையாது. எல்லாம் மண்டைக்குள்.

நான் அந்தக் கூட்டத்துக்குப் போனதே ஒரு விபத்து. பிரிக்பீல்ட்ஸ் சலூன் ஒன்றில் முடிவெட்டுகிறேன். எட்டாவதோடு படிப்பு போயிற்று. ராகவன் சாரின் காதோரத்தை நான் சீவிக்கொண்டிருந்தபோது, "வேலு, நீங்களும் நம்ம ஊர்ப்பக்கம்தானே, சனிக்கிழமை வாங்க" என்றார். நாற்காலியில் சாய்ந்திருக்கிற மனிதர் கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் சொல்வார். அதை நம்பக் கூடாது. அவர் எழுந்து காசு கொடுக்கும்போதும் இன்னொரு தரம் சொன்னார். அதனால் போனேன்.

போனால், வருகிறவர் எல்லாம் கேட்கிற முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி?"

"சலூன்ல முடி வெட்டறேங்க."

யாரும் முகம் சுளிக்கவில்லை. நல்ல மனிதர்கள். ஆனால் கேட்ட ஒவ்வொருவரின் கையும் தன்னால் எழுந்து தன் பின்னந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டது. அதற்கு மேல் என்னோடு என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான் கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது புளித்துவிட்டதோ என்று ஒரு கவலை.

அப்போதுதான் அண்ணாச்சி வந்தார். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.

"எப்பம் ஊருக்கு?"

"பொங்கலுக்குங்க."

"எத்தனை கிலோ?"

"முப்பது."

"சொந்தச் சாமான்?"

"பதினஞ்சுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்லைங்க."

அவர் கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கிடுங்க. இந்தத் தம்பிகிட்ட பதினஞ்சு கிலோ சும்மா கெடக்கு."

ஐந்தே நிமிஷம். ஒருவர் எனக்கு வடை கொண்டுவந்தார், ஒருவர் நாற்காலி இழுத்துப் போட்டார், மாலதி மேடம் என் எலுமிச்சைச் சாதத்தை இரண்டு தரம் போட்டுக்கொண்டார். ராகவன் சாருக்கு அந்தத் தடவை இருபது கிலோ டிக்கெட். இருபதும் அவருடைய சாமானுக்கே போதாது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் என்னைவிடப் பெரிய மனிதர் யாரும் இல்லை.

பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். வெளியூரில் ஊர்க்காரர்கள் கூடுகிற எல்லா இடத்திலும் ஒரு தராசு தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எத்தனையாவது மாடி, என்ன கார், பிள்ளை எந்தப் பள்ளி. கண்ணுக்குத் தெரியாத தராசு. அண்ணாச்சி கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். அதில் நின்றால் நானும் கொஞ்சம் கனம்.

அவர் எடை போடாத பொருள் கிடையாது. பிறந்தநாள் கேக்கை வெட்டுவதற்கு முன் தூக்கிப் பார்ப்பார். ஒரு பெயர் வைக்கிற விழாவில் குழந்தையைக் கையில் வாங்கி, "நாலு கிலோ எறநூறு" என்றார். அம்மாக்காரி உள்ளே போய் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துவந்து பார்த்தாள். நாலு கிலோ இருநூற்றுப் பத்து. "பத்து கிராம் துணி" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி பாயசத்துக்குப் போய்விட்டார்.

யாராவது அரைக் கிலோ கூட வைக்கப் பார்த்தால் மட்டும் கோபம் வரும்.

"ஆளுக்கு அரைக் கிலோ கூட வச்சா நூத்தி எம்பது பேருக்கு எவ்வளவுவே? தொண்ணூறு கிலோ. பிளேன் எப்படித் தாங்கும்? அந்தரத்துல போற சாமான் பாத்துக்கிடும்."

நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம். கண்ணால் பார்க்காத பொருள் பெட்டிக்குள் போகாது. இந்த நாட்டில் தெரியாத பொட்டலத்தைத் தூக்கி, உள்ளே போதை மருந்து இருந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒட்டிய பொட்டலம், தைத்த மூட்டை எதுவானாலும் கூட்டத்தின் நடுவே பிரித்துக் காட்ட வேண்டும். ஊறுகாயைக் கரண்டி விட்டுக் கிளறுவார். லட்டில் ஒன்றை உடைப்பார், உடைத்ததை வீணாக்க மாட்டார். ஒரு புது மாப்பிள்ளை மனைவிக்கு வாங்கிய உள்ளாடைப் பெட்டியைக்கூட விடவில்லை. பிரித்து, ஒவ்வொன்றாக எண்ணி, "நூத்தியிருவது கிராம், அடுத்து" என்றார். அந்தப் பையன் இரண்டு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை.

சட்டத்தை மீறியவர் ஒருவர் உண்டு. பாஸ்கர் என்று பெயர். பவுடர் டின்னுக்குள் தங்கக் காசு ஒன்றைப் புதைத்துக் கொடுத்துவிட்டார். கொண்டுபோனவர் ஊர் விமான நிலையத்தில் அரை நாள் உட்கார வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அண்ணாச்சி பாஸ்கரைத் திட்டவில்லை. "சாப்பிட்டீரா? வீட்டுல சௌக்கியமா?" என்று அன்பாகக் கேட்பார். கிலோ மட்டும் கேட்க மாட்டார். நாலு மாதம் அதைத் தாங்கிக்கொண்ட பாஸ்கர், வாடகை குறைவு என்று சொல்லி ஊருக்கு வெளியே செமினிக்கு வீடு மாறிப் போனார். வாடகை காரணமில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

இப்போது என் பிஸ்கட் டின்னுக்கு வருகிறேன்.

பதிமூன்று வருஷம் மற்றவர் தலையில் கை வைத்துச் சம்பாதித்த காசில் துறையூரில் ஒரு கடைக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரு ஷட்டர். அதில் இரண்டு நாற்காலி போட்டால் ஊரோடு இருந்துவிடலாம். அது இல்லாவிட்டால் இங்கேயே கிழவனாக வேண்டியதுதான். ஒப்பந்தப்படி புதன்கிழமைக்குள் கிரயப் பத்திரம் பதிய வேண்டும். தவறினால் முன்பணம் போச்சு, கடையும் வேறொருவருக்கு. நான் போக முடியாது. வேலை பெர்மிட் புதுப்பிக்க என் பாஸ்போர்ட்டைச் சலூன் முதலாளி இமிக்ரேஷனில் கொடுத்திருந்தார். எனக்குப் பதிலாக என் மனைவி செல்வி கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம் எழுதி, தூதரகத்தில் முத்திரை வாங்கினேன். அது கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை மாலை. திங்கட்கிழமை ஊரில் அதற்கு இன்னொரு முத்திரை வைக்க வேண்டும். அசல்தான் வேண்டும், நகல் செல்லாது. கூரியர்காரரைக் கேட்டால் வியாழக்கிழமை என்றார்.

சனிக்கிழமை மாலை விமானத்தில் பிரபு திருச்சிக்குப் போகிறான் என்று அண்ணாச்சிதான் சொன்னார். "பேப்பரைக் கொண்டா, நான் ஏத்தி விடுதேன்."

வெள்ளிக்கிழமை நான் தூங்கவில்லை. பெட்டி தொலைந்தால்? யாராவது திறந்தால்? மழையில் நனைந்தால்? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சதுர பிஸ்கட் டின் ஒன்றை வாங்கினேன். அடித்தாளைத் தூக்கி, அதற்குக் கீழே அசல் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன். தாளின் மேல் பிஸ்கட்டை அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் மேலே, அதே மாதிரி உறையில், பத்திரத்தின் கலர் நகல். திறக்கிற கள்ளன் மேலே இருப்பதைத்தானே எடுப்பான். மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப். அதற்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் ரப்பர் விரிப்பு. விமானம் கடலில் விழுந்தாலும் டின் மிதக்கும் என்பது என் கணக்கு. மிதந்தால் அதை யார் எடுத்து செல்வியிடம் கொடுப்பார்கள் என்பதை யோசிக்கவில்லை.

சனிக்கிழமை கூடத்தில் அண்ணாச்சி அந்த மூட்டையைக் கொக்கியில் மாட்டித் தூக்கினார். தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டு கிலோ முன்னூறு. என்னல இது? பேப்பருன்னு சொன்னே, பேங்கையே தூக்கிட்டு வந்துட்டியா?"

"பேப்பர்தான் அண்ணாச்சி. பத்திரமா இருக்கணும்னு."

"பிரபு பெட்டி ஏற்கெனவே முப்பதுல நிக்கி." அவர் விரிப்பையும் துண்டையும் உருவி, டேப்பைக் கிழித்தார். மூடியைத் திறந்தார். மேலே இருந்த உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கலர் நகல். என்னைப் போன்றவனுக்கே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. "கவரோட நாப்பது கிராம். இதுக்குப் போயி டின்னா. இந்தாப்பா பிரபு, கைப்பையில பாஸ்போர்ட்டுக்குப் பின்னால வச்சுக்க. சாகும்வரைக்கும் விடாதே."

"ஓகே அண்ணாச்சி," என்றான் பிரபு. "வேலுண்ணா, கவலையே படாதீங்க."

நான் வாயைத் திறந்தேன். சொன்னால் என்ன ஆகும்? ஒளித்து வைத்தவன் ஆவேன். பாஸ்கருக்கு அடுத்த பேர். பதினொரு பேர் முன்னால், உங்களில் யாரையும் நம்பாமல்தான் இப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அவர்கள் எனக்கு நாற்காலி போட்டவர்கள். இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஊதாப் பெட்டி லிஃப்டில் இறங்கிவிட்டது.

அதற்கு அப்புறம்தான் பெரிய சோதனை. "டின்னு இங்கதான இருக்கு, பிஸ்கட்டை எல்லாரும் எடுத்துக்கிடுங்க" என்று அண்ணாச்சி மேஜையில் வைத்துவிட்டார். ஒவ்வொரு கையும் டின்னுக்குள் போகும்போது மிச்சம் எத்தனை அடுக்கு என்று எண்ணினேன். டேனியல் அங்கிள் ஒவ்வொன்றாகக் காப்பியில் நனைத்து ஒரு வரிசையையே முடித்தார்.

"பிஸ்கட் நல்லா இருக்கு லா வேலு. நீ ஒண்ணும் எடுக்கலியா?"

"இல்லை அங்கிள். வயிறு சரியில்லை."

முக்கால் மணி நேரத்தில் டின் காலி. நான் எழுந்து, "டின்னை நான் எடுத்துக்கறேன், சில்லறைச் சாமான் போட ஆகும்" என்று கையை நீட்டினேன். அதற்குள் அண்ணாச்சி அதைக் கொக்கியில் மாட்டிவிட்டார். காலி டின்னையும் எடை போடாமல் அவரால் இருக்க முடியாது. பார்த்தார். இறக்கினார். மறுபடி மாட்டிப் பார்த்தார். பிறகு என் தோளில் கை போட்டு, குளத்தின் அந்தக் கோடிக்கு நடத்திக்கொண்டு போனார்.

"வேலு. இந்த டின்னுல ஒரு நூறு தரமாவது சாமான் அனுப்பியிருக்கேன். காலி எடை முன்னூத்தம்பது."

"சரிங்க அண்ணாச்சி."

"இது முன்னூத்தித் தொண்ணூறு காட்டுது."

குளத்தில் ஒரு காய்ந்த இலை மிதந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன்.

"நாப்பது கிராம் கூட இருக்குல."

சொல்லிவிட்டேன். அடித்தாள், கலர் நகல், கள்ளன், கடல், எல்லாவற்றையும். அண்ணாச்சி டின்னைத் திறந்து, அடித்தாளை நகத்தால் தூக்கி, உறையை எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்தார்.

"என்னை நம்பலியா?"

"உங்களை நம்பினேன் அண்ணாச்சி. மத்த எதையும் நம்பலை."

அவர் டின்னை மூடினார். "சரி, செருப்பைப் போடு" என்றார்.

கூடத்துக்குள் வந்து மற்றவர்களிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம். "பிரபுகிட்ட ஒரு பேப்பர் மாத்திக் குடுத்துட்டேன், என் தப்பு." டேனியல் அங்கிள் கார் சாவியை எடுத்தார்.

டேனியல் அங்கிளின் அப்பா ரயில்வேயில் இருந்தவர். அங்கிளும் கார் ஓட்டும்போது தண்டவாளத்தில் போவதைப் போல ஒரே தடத்தில்தான் போவார். முந்த மாட்டார்.

"அங்கிள், கொஞ்சம் வேகமா," என்றேன்.

"இந்தக் காடி எண்பதுக்கு மேல போனா கோவிச்சுக்கும் லா. நீ ஜெபம் பண்ணு, நான் ஓட்டுறேன்."

வழியில் ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஜாம். பிரபுவுக்குப் போன் போட்டேன், ஏழாவது தடவை எடுத்தான். "அண்ணா, நான் இமிக்ரேஷன் தாண்டி உள்ள வந்துட்டேனே. இனிமே வெளிய விட மாட்டாங்க. என்னாச்சு?"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த விமானத்துக்கான கவுண்டரை மூடியிருந்தார்கள். திருச்சிக்கு அடுத்த விமானம் ராத்திரி ஒன்பது மணிக்கு. அதற்கு ஏற்கெனவே ஒரு வரிசை நின்றது. அதில் ஒருவர் நம் ஊர் முகம். அவரிடம் போய், "அண்ணே, ஒரு பேப்பர் மட்டும்" என்றேன். அவர் என் முகத்தையும் வேர்வையையும் பார்த்துவிட்டு, தள்ளுவண்டியை இரண்டடி தள்ளி நிறுத்திக்கொண்டார். நானாக இருந்தால் நாலடி தள்ளியிருப்பேன்.

"அவரைத் தொந்தரவு பண்ணாதே," என்றார் அண்ணாச்சி. "தெரியாத ஆளுகிட்ட குடுக்கதும் தப்பு, வாங்குததும் தப்பு. நம்ம சட்டம்தானே."

திரும்பிப் பார்த்தால் அவர் டிக்கெட் விற்கிற ஜன்னலில் நிற்கிறார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து அடுத்த ஸ்டேஷனான பாசார் செனிக்கு ரயில் காசு மிச்சம் பிடிக்க நடந்தே போகிற மனிதர், அட்டையை நீட்டி, ஆயிரத்துச் சொச்சம் மலேசிய வெள்ளிக்குத் திருச்சிக்குப் போக வர டிக்கெட் வாங்கினார். சட்டையின் உள்பை ஊசியைக் கழற்றிப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்.

"பெட்டி எத்தனை?" என்று ஜன்னலில் இருந்த பெண் மலாயில் கேட்டாள்.

"இல்லை."

"கைப்பை? ஏழு கிலோ வரைக்கும் கொண்டு போகலாம்."

"ஒண்ணும் இல்லம்மா."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டிக்கெட் காசுக்குக்கூட அப்படி வாடவில்லை.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கை சில்லென்று நனைந்திருந்தது. பயத்தில் எனக்கு இருபத்தைந்து வருஷ அனுபவம் உண்டு. என் கைகூட அப்படி நனைந்ததில்லை.

"அண்ணாச்சி, உங்க கை ஏன் இப்படி இருக்கு?"

"ஏசி."

"ஏசில கை காயும்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "வெளிய சொல்லாதல. பதினொரு வருஷத்துக்கு முன்ன இங்க வரையில பிளேன் ஏறினது. நடுக்கடல்ல ஒரு குலுக்கு குலுக்கிச்சு பாத்துக்க. அதோட சரி. உங்க மைனியத்தான் வருஷா வருஷம் இங்க வரவழைக்கேன். அவளுக்கு ரெட்டைக் கோபுரம் பிடிக்கும்னு எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அவளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லோரையும் "எப்பம் ஊருக்கு" என்று கேட்டவரை, "நீங்க எப்ப அண்ணாச்சி" என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஆளுக்கு அரைக் கிலோ, நூற்றியெண்பது பேர், தொண்ணூறு கிலோ. அவர் வேடிக்கைக்குச் சொன்னதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் யாரோ ஒருவரைப் பத்திரமாக அந்தக் கடலுக்கு மேலே அனுப்பி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"கடை போனாப் போகுது அண்ணாச்சி," என்றேன். அந்த நேரத்தில் மனசாரத்தான் சொன்னேன். "டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடலாம்."

"போகட்டும்னா அப்பம் எதுக்குல மூணு சுத்து டேப்பு போட்டே?"

டேனியல் அங்கிள் தன் சட்டைப் பையிலிருந்து புதினா மிட்டாய் ஒன்றை எடுத்து அண்ணாச்சி கையில் வைத்தார். "மேல ஏறுறப்போ வாயில போடுங்க, காது அடைக்காது." அண்ணாச்சி பழக்கதோஷத்தில் அதை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார்.

எனக்கு ஒன்று தோன்றியது. "அண்ணாச்சி, நீங்க ஏழு கிலோ கொண்டு போகலை. அந்தப் பிளேன் அவ்வளவு லேசாத்தான் இருக்கும்."

அவர் யோசித்தார். கணக்குப் போடுகிறார் என்று உதட்டைப் பார்த்தாலே தெரியும். "பேப்பரு நாப்பது கிராமைக் கழிச்சுக்க," என்றார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. பிறகு உள்ளே நடந்தார். எல்லோரும் ஏதாவது இழுத்துக்கொண்டோ சுமந்துகொண்டோ போகிறார்கள். அவர் மட்டும் இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு கையால் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வி போன் செய்தாள்.

"ஒரு பெரியவர் வந்தாருங்க. பேப்பரைக் குடுத்தாரு. இட்லி வச்சேன், எட்டு சாப்பிட்டாரு. போகும்போது வாசல்ல இருந்த அரிசி மூட்டையைத் தூக்கிப் பாத்து, கடைக்காரன் உங்களை அரைக் கிலோ ஏமாத்திட்டாம்மான்னு சொல்லிட்டுப் போறாரு. யாருங்க அவரு?"

புதன்கிழமை மத்தியானம் பத்திரம் பதிவாயிற்று. வியாழக்கிழமை அண்ணாச்சி திரும்பி வந்தார். முகம் வெளுத்து, கையில் பெட்டியோடு, பெட்டியில் தூத்துக்குடியிலிருந்தும் துறையூரிலிருந்தும் இருபத்தொன்பது கிலோ தொள்ளாயிரம் கிராம் மற்றவர் சாமானோடு. அடுத்த கூட்டத்தில் என்னைப் பார்த்ததும், எல்லோர் முன்னாலும், "எப்பம் ஊருக்கு? எத்தனை கிலோ?" என்று கேட்டார். அதற்கு முந்தைய மூன்று வாரம் நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் சோறு இறங்கியது.

டிக்கெட் காசைத் தவணையாகத் தருகிறேன் என்று முதல் தவணையைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"அது நான் என் ஊருக்குப் போன காசு. பதினொரு வருஷம் கழிச்சு எங்க தெருவைப் பாத்தேன். உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். நான் கண்ணைத் துடைப்பதற்குள் விரலை நீட்டினார். "ஆனா கைப்பை ஏழு கிலோ வீணாப் போச்சு பாரு, அது உன்னாலதான். நாப்பது கிராம் போக, ஆறு கிலோ தொள்ளாயிரத்து அறுபது. அதைக் குடுத்துரணும்."

போன வருஷம் அவருக்கு வேலை முடிந்தது. ஊருக்கே கிளம்பினார். புறப்படுகிற அன்று காலை நான் வேலை செய்கிற சலூனில் வந்து உட்கார்ந்து ஒட்ட வெட்டச் சொன்னார். கீழே விழுந்த முடியைப் பார்த்து, "அறுபது கிராம் குறையுமா?" என்றார். குறையும் என்றேன். அவர் பெட்டி முப்பது கிலோவும் வழக்கம்போல மற்றவர் சாமான். அவருடைய சொந்தச் சாமான், இரண்டு வேட்டி, ஒரு குக்கர், அந்தக் கொக்கித் தராசு, சில சில்லறைச் சாமான்கள், ஒரு பையில் சலூன் அலமாரியில் இருந்தது. "ஊருக்குப் போற ஆளு கையில கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்து அனுப்பு. உன் கடன்ல கழிச்சுக்க."

அனுப்பிக்கொண்டிருக்கிறேன். குக்கர் போயிற்று, வேட்டிகள் போயின. ஞாயிறுதோறும் தூத்துக்குடியிலிருந்து போன் வரும். சௌக்கியமா என்று கேட்க மாட்டார், பாக்கி எவ்வளவு என்று கேட்பார்.

அடுத்த மாதம் நான் துறையூருக்கே போகிறேன். கடைக்கு இரண்டு நாற்காலி வந்துவிட்டது. எனக்கு முப்பது கிலோ இருக்கிறது. தராசு உட்பட எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டுபோய்க் கொடுத்துக் கடனை முடித்துவிடலாம். முடித்தால் ஞாயிற்றுக்கிழமை அவர் எதற்குப் போன் செய்வார் என்று ஒரு கவலை. அதனால் தராசையும் அந்தச் சில்லறைச் சாமான்களையும் டேனியல் அங்கிள் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன்.

பாக்கி, இரண்டு கிலோ எழுநூற்று அறுபது கிராம்.